அந்தப் பக்கமெல்லாம் இருக்கு

வண்டி கிடைத்தது சுலபம்.
கார்த் ஹோலிஸின் கொட்டகையில் இருந்தது,
சிவப்பு, இருநூற்று முப்பது சிசி,
சீட் கிழிந்த இடத்தில் வெள்ளி டேப்.
அறுநூறு டாலரும் ஒரு மூட்டை வெங்காயமும் என்றான்.
வெங்காயம் விளையாட்டுக்குச் சொன்னது.
இருந்தும் கொடுத்தேன்,
கிடங்கில் எனக்கு அதற்குப் பஞ்சமில்லை.

எங்கே ஓட்டுவது என்று கேட்டேன்.
வடக்கே பார்த்தான். தெற்கே பார்த்தான்.
"அந்தப் பக்கமெல்லாம் இருக்கு."
அந்தப் பக்கம் என்பது
பாதி ஓரிகன்,
மிச்சத்துக்கு நெவாடா.

டயர் கடையிலும் அதேதான்.
மீன் எங்கே கடிக்கும் என்று கேட்டதுபோல
ஒவ்வொரு முகமாகச் சாத்திக்கொண்டது.

நில அலுவலகத்தில் ஒரு பெண்மணி
மூக்குக்கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டபடி
பெயர் கேட்டாள்.
டெல்ஃபினா இட்டூரி.
"ஆட்டுக்கார இட்டூரிகளா?"
இப்போது வெங்காயம் என்றேன்.
வரைபடத்தை விரித்தாள். கறுப்பு வெள்ளை. இலவசம்.
புள்ளிக்கோடு இருந்தால் போகலாம்.
கோடே இல்லையென்றால் போகக் கூடாது.
இந்தச் சரிவில் மே முடியும்வரை வேண்டாம்,
சேஜ் கோழிகள் ஆடும் காலம்.
கோழிகள் ஆடுமா?
"உன்னைவிட நன்றாகவே" என்றாள்,
நான் ஆடி அவள் பார்த்ததில்லை.

முதல் ஞாயிறு,
காகிதத்தில் புள்ளிக்கோடு
தரையில் ஒரு கேட்.
சங்கிலி, பூட்டு,
குண்டு துளைத்த பலகை.
அந்தப் பக்கம் ஒரு கறுப்புப் பசு
அசைபோடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது.
ட்ரெய்லரைத் திருப்பவே
இருபது நிமிடம் ஆனது எனக்கு.
அது இடம் மாறாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

இரண்டாம் ஞாயிறு கோடு பொய் சொல்லவில்லை.
கற்களைப் பற்றித்தான் அது எதுவும் சொல்லவில்லை.
ரொட்டி அளவுக் கல், தலை அளவுக் கல்.
விழுந்தேன். எழுந்தேன். விழுந்தேன்.
நாலாவது முறை வண்டி என் கால்மேல் படுத்துக்கொண்டது,
எஞ்சின் அணைந்தது,
அதுவரை அந்த இரைச்சலுக்குப் பின்னால்
இத்தனை பெரிய அமைதி நின்றிருந்தது
எனக்குத் தெரியாது.
நசுங்கிய சேஜ் இலையும் பெட்ரோலும் சேர்ந்த வாசனை.
ஒரு பருந்து, அல்லது கழுகு, எனக்கு வித்தியாசம் தெரியாது.
கொஞ்ச நேரம் எழாமலே கிடந்தேன்.

மூன்றாம் ஞாயிறு வெட்கத்தை விட்டேன்.
இரண்டு குட்டி வண்டிகளை ஏற்றிக்கொண்டு போன
ஒரு பிக்கப்பின் பின்னாலேயே போனேன்,
பதினோரு மைல், புழுதி தின்றுகொண்டு.
அவன் நிறுத்தி இறங்கி வந்தான்.
"எதுக்கு என் பின்னாடியே வர்றே?"
ட்ரெய்லரைக் காட்டினேன்.
சிரித்து முடிக்க அவனுக்கு நேரமாயிற்று.

கைவிடப்பட்ட சரளைக் குழி அது.
மூன்று பக்கமும் மணல் மேடு,
நடுவே கால்பந்து மைதானம் போலத் தட்டை.
விழுந்தால் மணல்.
விழாவிட்டாலும் மணல், பல்லிடுக்கில்.

ப்ரின்லிக்கு ஆறு வயது, முன்பல் இரண்டும் இல்லை.
என்னை மூன்று சுற்று சுற்றிவிட்டு நிறுத்தினாள்.
"கல்லைப் பாத்தா கல்லுக்குத்தான் போவே."
என் பிஸ்கட் பொட்டலத்தைத் திறந்து
இரண்டு எடுத்துக்கொண்டாள்.
கட்டணம் என்று நினைக்கிறேன்.

அன்று நின்றபடி ஓட்டினேன்,
முழங்கால் மடக்கி, தாடை தூக்கி,
குழியின் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புவரை.
இருபத்தைந்து மைல் வேகம்கூட இராது.
ஹெல்மெட்டுக்குள் யாரோ கத்தினார்கள்.
நான்தான்.

அக்டோபரில், தரம் பிரிக்கும் பெல்ட் அருகே,
புதிதாய் வேலைக்கு வந்த கோல்ட்டன்
கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டான்,
நீலத்தில் ஒன்று வாங்கியிருக்கிறானாம்,
எங்கே ஓட்டுவது?

எல்லாம் சொன்னேன்.
வரைபடம், கழுத்துக் கண்ணாடி, மே மாதக் கோழிகள்,
திறந்திருந்த கேட்டைத் திறந்தபடி விடு,
மூடியிருந்ததை மூடிவிட்டுப் போ,
சரளைக் குழி, பிஸ்கட்.

"இவ்வளவுதானா?" என்றான்.

குழியைத் தாண்டி ஆறு மைலில்
வற்றிய ஓடை ஒன்று வளைகிறது,
மணல் மிருது,
செப்டம்பரில் கண்ட டயர் தடம்
என்னுடையது ஒன்றுதான்.

வடக்கே பார்த்தேன்.
தெற்கே பார்த்தேன்.